மொட்டைக் காரின் கிராங்கைத் திறந்து பார்த்துவிட்டோம், அண்ணா

என் தாஸ் அண்ணா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க முடியாத கடிதம் இது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருஷத்துக்கும் மேலாக எனக்குள் கோபம் கொதித்துக்கொண்டே இருக்கிறது. பாதி அந்தப் பங்களா சார் மேல். மீதி உன் மேல்.

போன ஞாயிறு பூசை முடிந்து உன் கல்லறைக்கு வந்தேன். வாய்விட்டுத் திட்டித் தீர்க்கலாம் என்றால் பக்கத்தில் நாலு பேர் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு நிற்கிறார்கள். எழுதிக் கொடுங்கள், பங்கு இதழில் போடுகிறோம் என்று இளைஞர் மன்றத்தார் சொன்னார்கள். ஊரே படிக்கப் போகிறது என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொள். பொறுத்துக்கொள்வதில்தான் நீ கெட்டிக்காரனாயிற்றே!

மரக்காணத்தில் உப்பு லாரி ஓட்டுகிறவர்களில் உன் பட்டறையைத் தெரியாதவர் கிடையாது. உப்பு இரும்பை எப்படித் தின்னும், முதலில் எங்கே வாய் வைக்கும் என்று இருபது வருஷம் பார்த்தவன் நீ. அதனால்தான் சென்னையிலிருந்து வந்து கடலோரத்தில் பங்களா கட்டிக்கொண்ட அந்த மனிதர் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை உன்னிடம் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் செய்த வண்டி. இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது. ஊர்ப் பிள்ளைகள் அதற்கு மொட்டைக் கார் என்று பேர் வைத்தார்கள்.

2004 மழைக்காலம் முழுக்க நீ அந்த என்ஜினோடு மல்லுக்கட்டினாய். உள்ளே கிராங்க் ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. பிஸ்டன்கள் மேலும் கீழும் போகிற வேகத்தை வாங்கிச் சுற்றலாக மாற்றுகிற தண்டு அது. அது தேய்ந்தால் சம்மட்டியால் அடிக்கிற மாதிரி உள்ளே சத்தம் வரும். புதுச்சேரியில் ரஹீம் பாயின் பட்டறையில் கொடுத்து கிரைண்டிங் செய்து வாங்கினாய். நான் வேலை பார்க்கிற ஆரோவில் பம்ப் பட்டறையிலிருந்து மைக்ரோமீட்டரைக் கேட்டு வாங்கி வந்து, பிஸ்டன் ராடுகள் பிடித்துக்கொள்கிற நாலு ஜர்னலையும் அளந்தது நான். ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில், இரண்டு திசையில். நீ நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாய். நாலும் ஒரே அளவு. “ஐ.டி.ஐ. படிச்சது வீண் போகல” என்று சொல்லி எனக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தாய்.

ஆகவே அந்தக் கிராங்க் வேலை மட்டம் என்று ஒருவர் சொன்னால், அது உன்னை மட்டும் சொன்னதாகாது. ரஹீம் பாயையும் என்னையும் சேர்த்துச் சொன்னதுதான்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முதல் பூசை பார்த்துவிட்டு, கார்பரேட்டரைக் கொஞ்சம் சரிசெய்ய வேண்டும் என்று பங்களாவுக்குப் போனாய். சார் சென்னையில் இருந்தார். அந்தக் காலையில்தான் கடல் உள்ளே வந்தது. எல்லோரும் மேற்கே ஓடியபோது நீ மொட்டைக் காரின் சாவியைத் திருப்பினாய். குப்பத்துக் காளியம்மாவையும் அவள் மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் அந்த ரெண்டு சீட்டுக்குள் அடைத்து மேட்டு ரோட்டில் இறக்கிவிட்டாய். உடனே வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி கிழக்கே போனாய்.

உப்பளத்து ரோட்டில் தண்ணீர் ஹெட்லைட் வரை ஏறியதும் நீயாகவே என்ஜினை அணைத்தாய். ஓடுகிற என்ஜின் தண்ணீரை உறிஞ்சினால் ராடு வளைந்துவிடும் என்று அந்த நேரத்திலும் உனக்குத் தோன்றியிருக்கிறது. அப்புறம் வண்டியை விட்டுவிட்டு இறங்கி நடந்தாய். எத்தனை பேரைத் தோளில் தூக்கினாய் என்று கடைசிவரை எங்களிடம் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் என்ன?

இரண்டு நாள் கழித்து டிராக்டர் வைத்து இழுத்துக்கொண்டுபோய் வண்டியைப் பங்களா ஷெட்டில் விட்டாய். எஸ்.டி.டி. பூத்திலிருந்து சாருக்குப் போன் போட்டாய். நான் பக்கத்தில் நின்றேன்.

“சார், என்ஜினுக்குள்ள உப்புத் தண்ணி போயிருக்குது. ஆயில் சேம்பரைக் கழட்டி, டீசல் ஊத்திக் கழுவி, புது ஆயில் விட்டுட்டா ஒண்ணும் ஆவாது சார். ரெண்டு நாள் வேலைதான்.”

அவர் கத்தியது ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. “யாரைக் கேட்டு வண்டிய எடுத்த? நான் வர்ற வரைக்கும் அதுல ஒருத்தன் கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்!”

“சார், உப்பு நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது சார்...”

வைத்துவிட்டார். நீ ரிசீவரைத் துண்டால் துடைத்து மெதுவாக வைத்தாய். அதற்குப் பிறகு மூன்று முறை ஸ்பானர்களைப் பையில் போட்டுக்கொண்டு பங்களா கேட் வரை போனாய். வாட்ச்மேன் ஷெட் சாவி தரவில்லை. “என் வேலை போயிடும்ப்பா” என்றான். அவனிடம்கூட நீ கோபப்படவில்லை.

சார் வந்தது மே மாதத்தில். ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று மாதம் மாதமாக உப்புத் தண்ணீரை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றது அந்த வண்டி. வந்தவர் உன்னைக் கூப்பிடவில்லை. என்ஜினின் அடியில் ஆயில் தங்குகிற அந்தச் சேம்பரையும் திறக்கவில்லை. பேட்டரியை மாற்றிப்போட்டு ஸ்டார்ட் செய்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டினார். பத்து கிலோமீட்டர்கூட போயிருக்க மாட்டார். டங், டங், டங். அப்படியே கயிறு கட்டி உன் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சனிக்கிழமை என்பதால் அன்று நான் இருந்தேன். நீ கீழே படுத்து ஆயில் போல்ட்டைத் தளர்த்தினாய். முதலில் வந்தது தண்ணீர். பழுப்பாக, நாற்றத்தோடு. அப்புறம்தான் மோர் மாதிரி ஆயில் வந்தது.

ஏழெட்டு லாரி டிரைவர்கள் சுற்றி நிற்க, அவர் என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது.

“கேட்காம என் வண்டிய எடுத்த. தண்ணியில விட்ட. சரி, வேலையாவது ஒழுங்கா செஞ்சியா? நல்ல கிராங்க் வேலைன்னா பத்து கிலோமீட்டர்லயா போவும்? உப்பு லாரி மெக்கானிக் கையில இந்த வண்டியக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

“சார், திறந்து பார்த்துடலாம் சார். பார்த்தா தெரிஞ்சிடும்.”

“நீ திறந்ததெல்லாம் போதும்.”

அதற்கு நீ கையைத் துடைத்துக்கொண்டு, “மன்னிச்சிடுங்க சார்” என்றாய்.

எதற்கு அண்ணா மன்னிப்பு? அன்றைக்கே கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே பதில் சொன்னாய். “வண்டி அவரோடது ஸ்டெல்லா. கேக்காம எடுத்தது நான்தானே.” நாலு உயிரை அதில் ஏற்றி வந்தேன் என்று ஒரு வார்த்தை, அத்தனை பேர் முன்னால் உன் வாயிலிருந்து வரவில்லையே! அண்ணி என்னை அடக்கினாள். “விடும்மா, பெரிய இடம்” என்றாள்.

அதற்கப்புறம் கடலோரப் பங்களாக்காரர்கள் ஒருவர்கூட உன்னிடம் வண்டி விடவில்லை. உப்பு லாரிகள் மட்டும் வந்தன. நீ எப்போதும்போல வேலை செய்தாய். ஆகஸ்டில் ஒரு காலை, லாரிக்கு அடியிலிருந்து ஸ்பானர் கேட்டவன் அடுத்ததைக் கேட்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். அந்தச் சொல்லால்தான் செத்தாய் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லைத் துடைக்காமலே போய்விட்டாய் என்பது தெரியும்.

இனி நீ பார்க்காததைச் சொல்கிறேன்.

டிசம்பரில் கடல் வந்து ஒரு வருஷம் ஆனதை நினைவுகூர்ந்து குப்பத்தருகே ஒரு கூட்டம் போட்டார்கள். நானும் போனேன். மேடைக்குப் பக்கத்தில் நம் மொட்டைக் கார், மேலெல்லாம் சாமந்தி மாலை. ஓடாத வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். “சொந்தக் காரையே கொடுத்து மீனவ மக்களின் உயிரைக் காத்த வள்ளல்” என்று ஒருவர் மைக்கில் முழங்கினார். பங்களா சார் எழுந்து வந்து பொன்னாடை போர்த்திக்கொண்டார். “என்ஜின் போனா போவுது, உயிர்தான் முக்கியம்னு சொன்னேன்” என்றார். கை தட்டினார்கள். உன் பேர் ஒரு தடவைகூட வரவில்லை.

என் பக்கத்தில் காளியம்மா உட்கார்ந்திருந்தாள். என் கையைச் சுரண்டினாள்.

“ஏம்மா, யாரு இந்தாளு? வண்டி ஓட்டுனது தாஸ் அண்ணன்தான?”

எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. கூட்டம் கலைகிறவரை காத்திருந்து, அவர் இறங்கி வந்ததும் முன்னால் போய் நின்றேன். காளியம்மாவும் கூடவே வந்தாள்.

“சார், நான் அமலதாஸ் தங்கச்சி. கேட்காம எடுத்தான்னு பட்டறையில சொன்னீங்க. நானே குடுத்தேன்னு மேடையில சொல்றீங்க. ரெண்டுல எது சார் உண்மை?”

அவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். “இது அதுக்கு இடம் இல்லம்மா.”

“எது இடம்னு நீங்களே சொல்லுங்க. என்ஜினைத் திறங்க. எங்க அண்ணன் பட்டறையில, எல்லார் முன்னாடியும் திறங்க. வேலை மட்டம்னு தெரிஞ்சா நானே ஊரைக் கூட்டிச் சொல்றேன்.”

சென்னையில் இரண்டு மெக்கானிக்குகள் அந்த வண்டியைத் தொடமாட்டேன் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அதனாலோ, கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டதாலோ, “திறந்து பாரு. உங்க அண்ணன் லட்சணம் தெரியட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன்னிடம் மறைக்கமாட்டேன். பொங்கல் முடிந்து திறப்பதாக நாள் குறித்தோம். அதற்கு முந்தின இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவேளை நீ தப்பு செய்திருந்தால்? கிரைண்டிங் தூள் ஆயில் ஓட்டைக்குள் தங்கிப்போய், அதுவே பேரிங்கைத் தின்றிருந்தால்? நானே தப்பாக அளந்திருந்தால்? ஊரைக் கூட்டிவிட்டு உன் பேரை நானே கெடுத்தவளாகிவிடுவேனே!

பங்களா சாருக்கு பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். டிரைவர்கள் வந்தார்கள். காளியம்மா வந்தாள். ரஹீம் பாய் வெள்ளைச் சட்டையில் வந்து, அதைக் கழற்றி மாட்டிவிட்டுப் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டார். என்ஜினை இறக்கிக் கவிழ்த்து சேம்பரைக் கழற்றினோம். அடியெல்லாம் உப்பு பொரிந்திருந்தது.

முதல் ராடின் மூடியைக் கழற்றினேன். ஜர்னலைத் துணியால் துடைத்தேன். லேசாக இரண்டு கீறல், வேறு ஒன்றுமில்லை. நாலாவதும் அப்படியே. ரஹீம் பாய் மூச்சை விட்டார். ஆனால் அப்போதும் எனக்குப் பயம் போகவில்லை. இரண்டாவதைக் கழற்றியதும் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. மூன்றாவதும் அதே கதி. பேரிங்கின் வெள்ளை உலோகம் சுரண்டப்பட்டு, அடியிலிருந்த செம்பு தெரிந்தது.

“இதுதான் வேலையா?” என்றார் சார், நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு.

ஆயில் ஓட்டைகளில் கம்பி விட்டுப் பார்த்தேன். நாலும் சுத்தம். உன் நோட்டை எடுத்து டிரைவர் ஒருவர் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். நான் அளந்தேன். ஒன்றும் நாலும் ஒரு வருஷம் முன்னால் அளந்த அளவிலேயே இருந்தன. இரண்டும் மூன்றும்தான் வட்டம் கெட்டுப் போயிருந்தன. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இரண்டும் மூன்றும்! கிராங்க்கில் அவை இரண்டும் ஒரே பக்கம் இருப்பவை. ஒன்றும் நாலும் மேலே இருக்கும்போது இவை இரண்டும் கீழே இருக்கும்.

“சார், எழுந்து வந்து பாருங்க. என்ஜின் ஓடுறப்ப இந்த நாலுமே சுத்தும். வேலை மட்டமா இருந்தா நாலும் தேயும், இல்ல எங்கயாவது ஒண்ணு போவும். இப்படி ஜோடி ஜோடியா ரெண்டு அரிச்சு, ரெண்டு நல்லா இருக்காது. வண்டி நின்னப்ப ரெண்டும் மூணும் கீழ இருந்திருக்குது. ஒண்ணும் நாலும் மேல இருந்திருக்குது. கீழ இருந்தது தண்ணியில முங்கியே கிடந்திருக்குது. நடுத்தண்டு பேரிங் மூணும் நல்லா இருக்குது பாருங்க, அந்த உயரத்துக்குத் தண்ணி இல்ல.”

குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். “அப்போ தண்ணியில விட்டது உங்க அண்ணன்தானே?”

“கடல் ஒரு காலையில வந்துட்டுப் போயிடுச்சு சார். இந்த வண்டிக்குள்ள அது அஞ்சு மாசம் இருந்துச்சு. அதை உள்ள பூட்டி வெச்சிருந்தது யாரு? எங்க அண்ணன் போன் போட்டுக் கெஞ்சுனப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

காளியம்மா தரையில் உட்கார்ந்தபடியே சொன்னாள். “அவரு அன்னிக்கு வண்டிய எடுக்கலன்னா இப்ப நான் இல்ல சார். என் புள்ளைங்களும் இல்ல. உங்களுக்குத் துண்டு போத்த மேடையும் இல்ல.”

நல்ல மனிதராக இருந்தால் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார்? அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சரி, சரி. இதை ரிப்பேர் பண்ண முடியுமா, முடியாதா?” என்றார்.

“முடியும். எங்க அண்ணன் வேலையில தப்பில்ல, திறக்க விடாதது நான்தான்னு எழுதிக் குடுங்க. அப்புறம் செய்றேன்.”

எழுந்து போய்விட்டார். கிராங்க்குக்கு கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, சுவரோரம் நிமிர்த்தி வைத்தேன். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே நின்றது. ரஹீம் பாய்க்கு மனசு கேட்கவில்லை. “கோவம் மனுஷன் மேலதானே ஸ்டெல்லாம்மா, கிராங்க் என்ன பாவம் பண்ணுச்சு?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். நான் அசையவில்லை. உன் தங்கைக்கு இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அண்ணி புலம்பினாள். உன்னிடம் இல்லாததெல்லாம் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்றேன்.

மார்ச்சில் சார் வந்தார். சென்னையில் பழைய கார்களின் அணிவகுப்பு ஒன்று வருகிறதாம், அதில் வண்டி ஓட வேண்டுமாம். மனசாட்சி கூட்டிவந்தது என்று தப்பாக நினைத்துவிடாதே. ஆங்கிலத்தில் டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார். உப்புநீர் தேங்கியதால் சேதம், வேலையில் குறையில்லை என்று இருந்தது.

“இது எங்க ஊர்ல யாருக்குப் புரியும்? தமிழ்ல எழுதுங்க.”

“எனக்குத் தமிழ்ல எழுதிப் பழக்கம் இல்ல.”

“நான் சொல்றேன், எழுதுங்க.”

எழுதினார் அண்ணா. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, எழுத்தெழுத்தாக. ‘வண்டியை எடுத்து மக்களைக் காப்பாற்றியது மெக்கானிக் அமலதாஸ்’ என்பது வரை சிரமமில்லாமல் வந்துவிட்டது. ‘ஐந்து மாதம் என்ஜினைத் திறக்க விடாதது நான்’ என்றபோது பேனாவைக் கீழே வைத்தார். நான் சுவரோரம் இருந்த சாக்கைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து டீக்கடை, ரேஷன் கடை, கோயில் நோட்டீஸ் பலகை என்று ஒட்டியிருக்கிறேன். உன்னைக் கைவிட்ட பங்களாக்காரர்கள் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள். ஒருவர்கூட இதுவரை பட்டறைப் படி ஏறி, தப்பாக நினைத்துவிட்டோம் என்று சொல்லவில்லை. பழி சொல்ல மட்டும் இந்த ஊருக்கு எத்தனை வாய்!

வேலையை நாங்கள் செய்து முடித்தோம். குழி மறைகிறவரை ரஹீம் பாய் நாலு ஜர்னலையும் ஒரே அளவுக்கு மறுபடி கிரைண்டிங் செய்தார். அதற்கேற்ற தடித்த பேரிங் வாங்கினோம். ஆயில் வழியின் அடைப்பான்களை எல்லாம் கழற்றி, மண்ணெண்ணெய் ஊற்றி, தூள் ஒட்டு இல்லாமல் நானே கழுவினேன். இனி இந்தக் கிராங்க்கை இன்னொரு முறை குறைக்க முடியாது, இதுதான் கடைசி அளவு என்று சாரிடமும் சொல்லிவிட்டேன். மாட்டி முடித்து, போல்ட் எல்லாம் இறுக்கிய பின்னும் ஒரு கையால் சுற்ற முடிந்தது. ஸ்டார்ட் செய்தோம். ஆயில் அழுத்தம் காட்டுகிற முள் ஏறி அப்படியே நின்றது. சம்மட்டிச் சத்தம் இல்லை. ரஹீம் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அழவில்லை. அழுகிற நேரத்தில்கூட எனக்குக் கோபம்தான் வந்தது, நீ கேட்க வேண்டிய சத்தத்தை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோமே என்று.

சார் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, “நல்லா இருக்குது” என்றார். என்ஜினைச் சொன்னார். உன்னைப் பற்றி வாயால் அவர் ஒரு வார்த்தை சொல்லிக் கேட்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. தாளில் வந்தது நாவில் வரவில்லை.

அதனால் நான் இதை இதோடு விடுவதாக இல்லை. வருகிற டிசம்பரிலும் மேடை போடுவார்கள், மாலை போடுவார்கள். நான் மைக்கைப் பிடித்து, அன்று வண்டியை ஓட்டியவன் அமலதாஸ், உப்பு லாரி மெக்கானிக் என்று சொல்வேன். சொல்லி முடிக்கிறவரை மைக்கைக் கொடுக்கமாட்டேன். இந்தக் கடிதத்தை எழுதப்போகிறேன் என்று காளியம்மாவிடம் சொன்னேன். “எழுதும்மா. படிக்கத் தெரியாதவங்களுக்கு நான் வீடு வீடா போய்ச் சொல்லிக்கிறேன்” என்றாள். நேற்றே ஆரம்பித்துவிட்டாளாம்.

நீ தூங்கு. சண்டையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உன் வாயாடித் தங்கச்சி,
ஸ்டெல்லா